எந்தப் படத்தை முதலில் காப்பாற்றுவது?

(தேசிய நூலக வாரத்தையொட்டி, நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் கிடக்கும் பழைய போட்டோக்களையும் நெகட்டிவ்களையும் நாமே ஸ்கேன் செய்து வைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று குறித்துக்கொள்ளப் பேனாவோடு சிலர் வந்திருப்பது தெரிகிறது. அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆயிரம் படம் இருக்கிறது, கையில் இருப்பதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்றால், எதிலிருந்து தொடங்குவது?

யாரைக் கேட்டாலும் பழையதிலிருந்து என்றுதான் சொல்வார்கள். தலைப்பாகையோடு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் கொள்ளுத் தாத்தா படத்தை முதலில் ஸ்கேன் செய்வோம், 1982இல் எடுத்த கல்யாண ஆல்பத்துக்கு இப்போது என்ன அவசரம் என்பார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறு. கொள்ளுத் தாத்தா காத்திருப்பார், கல்யாண ஆல்பம் காத்திருக்காது. போட்டோவைப் பொறுத்தவரை வயதை வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது. பெரும்பாலும் பின்னால் வந்ததுதான் முன்னால் போகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கிற கறுப்பு, வெள்ளி உலோகம். ஜெலட்டின் என்கிற மெல்லிய படலத்துக்குள் நுண்துகள்களாகப் பதிந்திருக்கிற வெள்ளி. ஸ்டூடியோக்காரர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டு எடுத்த பிரிண்டை நல்ல தண்ணீரில் போதுமான நேரம் அலசியிருந்தால், அது நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். அலசலில் தண்ணீரை மிச்சம் பிடித்திருந்தால் ஓரத்தில் பழுப்பேறும், கரிய பகுதிகளில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஏறும். அப்போதும் முகம் போய்விடாது.

கலர் படத்தில் அந்த வெள்ளி இல்லை. லேபில் கழுவும்போதே அதை வெளியேற்றிவிடுவார்கள். மிஞ்சுவது சியான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்கள் மட்டும். சாயம் என்றால் வெளிறத்தான் செய்யும். 1970களிலும் 80களின் முற்பகுதியிலும் வந்த கலர் தாள்களில் சியான் சாயம் மிகவும் பலவீனமானது. வெயில் படாமல் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தாலும், இருட்டிலேயே அது கரைந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் பந்தல், வாழை மரம், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி எல்லாமே செங்காவியாகத் தெரிவது இதனால்தான். சுவரில் வெளிச்சம் பட மாட்டிய படத்திலோ மற்றச் சாயங்கள் முந்திக்கொள்ளும். படம் நீலம் பாரித்துப் போகும். எந்தச் சாயம் முழுதாகப் போய்விட்டதோ அதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பாதி இருக்கும்போது ஸ்கேன் செய்தால் மீதியைச் சரிக்கட்டலாம்.

அடுத்தது நெகட்டிவ். நம் வீடுகளில் இருக்கும் ஃபிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளின் மேல் பூசப்பட்டது. அக்ஃபா கிளிக் 3 கேமராவில் போட்ட ரோலும், 1990களில் கலர் லேபில் கொடுத்துக் கழுவி வாங்கிய 36 படச் சுருளும் இதே வகைதான். வெப்பமும் ஈரமும் பட்டால் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவரும். கவரைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை அடித்தால் அதுதான் அறிகுறி. வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். பிறகு ஃபிலிம் சுருங்கும், சுருண்டுகொள்ளும், மேல்படலம் நெளிநெளியாக எழும்பும். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரிலுள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் புது அசிடேட் ஃபிலிமில் இந்தச் சிதைவு தலைகாட்ட ஏறக்குறைய 40 ஆண்டு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ எந்த வீட்டுப் பரணில் 21 டிகிரி இருக்கிறது? அந்த 40 ஆண்டு நமக்குக் கிடையாது.

இந்த இடத்தில் நம் ஊர் ஆலை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பிரிண்ட் தாளும் நாடெங்கும் ஸ்டூடியோக்களுக்குப் போயின. உங்கள் வீட்டு நெகட்டிவின் ஓரத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. ஃபிலிம் செய்யக் குளிரும் தூய காற்றும் வேண்டும் என்றுதான் மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். செய்து முடித்ததும் அதே ஃபிலிம் சமவெளியில் நம் பரணுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

என் வாதத்துக்கு விதிவிலக்கும் உண்டு. 1950களின் தொடக்கம் வரை சில ஃபிலிம்கள் நைட்ரேட்டில் வந்தன. அவை எளிதில் தீப்பிடிக்கும். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'நைட்ரேட்' என்று அச்சிட்ட ஃபிலிம் கிடைத்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆவணக் காப்பகத்தாரிடம் கேளுங்கள். கண்ணாடி பிளேட் நெகட்டிவ் என்றால், கை தவறினால் போயிற்று. இந்த இரண்டையும் தவிர மற்றபடி நான் சொன்ன வரிசை சரிதான்.

இன்னும் புதியதற்கு வந்தாலும் நிலைமை மோசம்தான். 2005 வாக்கில் கல்யாண வீட்டுக்கு ஆல்பத்தோடு ஒரு சிடி கொடுப்பார்கள். அந்த சிடியைப் படிக்க இன்று எத்தனை வீட்டில் டிரைவ் இருக்கிறது? முதல் செல்போனில் எடுத்த படங்கள் எங்கே? கொள்ளுத் தாத்தாவுக்கு இருக்கிற உத்தரவாதம் அவரது கொள்ளுப் பேரனின் முதல் பிறந்தநாளுக்கு இல்லை.

இவை எல்லாவற்றையும் விடச் சீக்கிரம் போகக்கூடியது ஒன்று உண்டு. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த ஆள். ஆகவே என் வரிசை இது. பெரியவர் யாருக்காவது நினைவு நன்றாக இருந்தால், அவருக்கு மட்டுமே தெரிந்த படங்கள் முதலில். அடுத்து, வாடை அடிக்கிற நெகட்டிவ். அதற்கடுத்து, சிவந்துகொண்டிருக்கும் கலர் பிரிண்ட். பிறகு சிடியும் பழைய போன்களும். கறுப்பு வெள்ளை பிரிண்ட் எல்லாவற்றுக்கும் பின்னால்.

இந்த வேலையைக் கடையில் கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். எண்ணிக்கை அதிகமென்றால் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கடைக்காரர் கோப்புதான் தருவார், படத்தில் இருப்பது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் செய்யும்போது நடப்பது வேறு. என் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோ படத்தை ஸ்கேன் செய்தேன். தனியாக நிற்கும் ஓர் இளம்பெண். பின்னால் தோட்டம் வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி ஸ்டாண்ட்.

“இது யாரு பெரியம்மா?”

“மூஞ்சி பிடிபடலையே. அந்தக் காதைக் கொஞ்சம் பெருசு பண்ணு பார்ப்போம்.”

பெரிதாக்கினேன்.

“அட, இது என் தோடாச்சே! அப்ப இது எங்க நாத்தனாரேதான். மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்பணும்னு எங்கிட்ட இரவல் வாங்கிப் போட்டுட்டுப் போனா. தோடு எனக்குத் தலைப்பிரசவம் ஆனப்ப எங்க அப்பா செஞ்சு போட்டது.”

தலைப்பிள்ளை பிறந்த வருஷம் தெரியும். நாத்தனாரின் கல்யாண வருஷமும் தெரியும். இடையில்தான் அந்தப் படம். ஆளும் ஆண்டும் ஒரு தோட்டில் கிடைத்துவிட்டன. ஸ்கேனர் ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு நிமிஷத்தை வீண் என்று நினைக்காதீர்கள். பேச்சு வருவது அந்த நேரத்தில்தான். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஸ்கேன் எண்ணைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இப்போது கருவிக்கு வருவோம். பிரிண்ட் மட்டும் என்றால் சாதாரண மேசை ஸ்கேனரே போதும். மிக மெல்லிய ஸ்கேனர்களில் ஒரு குறை: கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பதைத்தான் தெளிவாகப் படிக்கும், சற்றே சுருண்ட படமோ சட்டத்துக்குள் இருக்கும் படமோ மங்கும். கொஞ்சம் தடிமனான, சிசிடி வகை ஸ்கேனர் இதைத் தாங்கும். நெகட்டிவுக்கு மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 போன்றவை இந்த வகை. 35 மி.மீ. ஃபிலிமுக்கென்றே தனிச் சிறு ஸ்கேனர்களும் உண்டு. நல்ல டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் ஒளிப்பலகையில் நெகட்டிவை வைத்துப் படமெடுப்பது எல்லாவற்றிலும் வேகமான வழி.

எத்தனை டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, என்பது அடுத்த கேள்வி. 35 மி.மீ. நெகட்டிவின் ஒரு கட்டம் 24க்கு 36 மில்லிமீட்டர். 3200 டிபிஐயில் அது ஏறக்குறைய 4500க்கு 3000 புள்ளிகள், அதாவது ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் புள்ளிகள். சுவரில் மாட்டப் பெரிதாகப் போடவும் இது போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய பெரிய எண்களை நம்பி மேலே போகாதீர்கள். மேசை ஸ்கேனரில் அதற்குமேல் கோப்புதான் பெருக்கும், விவரம் பெருகாது. கிளிக் 3 எடுத்த சதுர நெகட்டிவ் பெரியது, 2400 போதும். பிரிண்டுக்கு 600 தாராளம். 6க்கு 4 அங்குலப் படம் அதில் 3600க்கு 2400 புள்ளியாகும். தபால்தலை அளவுப் படத்துக்கு மட்டும் 1200 வையுங்கள்.

மூலக் கோப்பை டிஃப் வடிவத்தில், 16 பிட்டில் சேமியுங்கள். முன் சொன்ன 35 மி.மீ. கலர் கட்டம் ஒன்று 80 எம்பி பிடிக்கும். இடம் போதாதென்றால் முக்கியமானவற்றுக்கு மட்டும் டிஃப், மற்றதற்கு உயர்தர ஜேபெக். கறுப்பு வெள்ளை பிரிண்டையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அதன் பழுப்புச் சாயலும் மையும் முத்திரையும் அப்போதுதான் வரும். தானாக நிறம் திருத்துகிற, கூர்மையாக்குகிற வசதிகளை அணைத்து வையுங்கள். திருத்தம் எல்லாம் பிறகு, நகலில்.

தூசுதான் பெரிய எதிரி. மின்விசிறியை நிறுத்துங்கள். ரப்பர் பல்பால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். எச்சில் தெறித்தால் புள்ளி நிலைத்துவிடும். நெகட்டிவை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பூஞ்சை பிடித்ததை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். துணியோடு முகமும் வந்துவிடும். ஃபிலிமைக் கண்ணாடியில் நேரடியாகக் கிடத்தாமல் அதற்குரிய சட்டத்தில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வானவில் வளையங்கள் விழும். தூசு நீக்க அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. கலர் நெகட்டிவில் அது அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் சாயத்தின் ஊடாக அகச்சிவப்பு போய்விடும், தூசு மட்டும் மறிக்கும். கறுப்பு வெள்ளையில் வெள்ளியே மறிப்பதால், படத்தையும் தூசு என்று நினைத்து அது அழிக்கப் பார்க்கும். அங்கே அதை அணைத்துவிடுங்கள்.

நெகட்டிவின் எந்தப் பக்கம் மேலே? மங்கலான பக்கம் படலம், பளபளப்பான பக்கம் முதுகு. முதுகுப் பக்கம் பார்த்தால் ஓரத்து எழுத்து நேராக இருக்கும். ஐயம் வந்தால் சேலையைப் பாருங்கள். முந்தானை வலது தோளில் கிடந்தால், ஆண்களின் சட்டைப் பை வலப்பக்கம் இருந்தால், அனேகமாகப் படம் புரண்டிருக்கிறது.

நெகட்டிவும் பிரிண்டும் இரண்டுமே இருந்தால் எதை ஸ்கேன் செய்வது? இரண்டையும்தான். ஸ்டூடியோ நெகட்டிவ் ஒன்று கையில் கிடைத்தால் அதன் மங்கலான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முகத்தில், கன்னமும் நெற்றியும் இருக்கிற இடத்தில், மயிரிழை போன்ற பென்சில் கோடுகள் மின்னும். டச்சிங் செய்பவரின் கைவேலை. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பை நிரவுவதும் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை எடுப்பதும் இப்படித்தான். பிரிண்டில் கன்னம் மழமழவென்று இருக்கும். நெகட்டிவை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் கோடுகளும் தெரியும், அவற்றுக்கு நடுவே தழும்பின் குழிகளும் தெரியும். கேமரா கண்டது நெகட்டிவில் இருக்கிறது, ஊருக்குக் காட்ட விரும்பியது பிரிண்டில் இருக்கிறது. பிரிண்டின் முதுகையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, ஊர், தேதி, அனுப்பியவர் கையெழுத்து எல்லாம் அங்கேதான்.

இந்த மாதிரி நெகட்டிவ்கள் ஸ்டூடியோக்களிடமே தங்கிவிட்டன. கடை மூடும்போது குப்பைக்குப் போனவை ஏராளம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி மின்படிகளாக்கியிருக்கிறது. உங்கள் ஊரில் பழைய ஸ்டூடியோ மூடப்போகிறது என்று காதில் விழுந்தால் இப்படிப்பட்ட ஓர் அமைப்புக்குத் தகவல் சொல்லுங்கள்.

சேதமான படங்களுக்கு வருவோம். படச்சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசை தடவிய பிளாஸ்டிக் தாள் ஆல்பத்தில் சிக்கியதையும் அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு பல் இடுக்கு நூலைப் பின்னால் செலுத்தி மெல்ல விடுவிக்கப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ ஆல்பங்கள் வீணாயின. நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிடுவதுதான் பெரிய சேதம். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி ஒரு சொல். மங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. அதில் தெரியும் கண்ணிமை, செயலி எங்கேயோ பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து இட்டு நிரப்பியது, உங்கள் பாட்டியுடையது அல்ல. ஆசைக்குச் செய்து பாருங்கள், ஆனால் தனிக் கோப்பாக, பெயரிலேயே குறிப்பிட்டு வையுங்கள். அடுத்த தலைமுறை அதை அசல் என்று நம்பிவிடக் கூடாது.

கோப்புக்குப் பெயர் வைப்பது சுலபம். ஆண்டு, ஊர், நிகழ்வு, எண். ஆண்டு தெரியாவிட்டால் '1960கள்'. யார் யார் என்பதை இடமிருந்து வலமாக எழுதிக் கோப்பின் விவரப் பகுதியிலும், தனியாக ஒரு பட்டியலிலும் வையுங்கள். 'அப்பா', 'அத்தை' என்று எழுதாதீர்கள். அப்பா யாருக்கு அப்பா என்று ஐம்பது வருஷம் கழித்து யார் சொல்வது? முழுப் பெயர் எழுதுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். இது உலகெங்கும் சொல்லும் விதி. நமக்கு வெளியூருக்குப் பஞ்சமில்லை, ஒரு தம்பி கோவையில் இருப்பார், ஒரு மகள் சிங்கப்பூரில் இருப்பாள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், உள்ளே எழுதிய விவரமும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். திரும்பக் கேட்கவும் தயங்காதீர்கள். ஸ்டூடியோ படங்களைப் பல பிரதி போட்டு உறவுக்காரர்களுக்குத் தபாலில் அனுப்புவது வழக்கம். 1995 போர்க்கால இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் வீட்டையும் ஆல்பத்தையும் விட்டு வந்த பல குடும்பங்களுக்கு, முன்பு வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய பிரதிகளே மிஞ்சிய படங்கள். உங்களிடம் இல்லாத படம் பினாங்கில் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கலாம்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும், மூலம் இருந்தால் மறுபடியும் ஸ்கேன் செய்யலாம். பரணிலிருந்து இறக்கி, நடுவீட்டு அலமாரியில், பாலிபுரோப்பிலீன் உறையில் வையுங்கள். வாடை அடிப்பதைத் தனியே பிரித்து, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் போடுங்கள். பக்கத்தில் வைத்தால் மற்றதையும் கெடுக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது அவைத் தலைவருக்கு. நெகட்டிவ் ஸ்கேனர் ஒரு குடும்பத்துக்குச் சில மாதங்களுக்கு மேல் தேவைப்படாது. அதற்காக ஆளுக்கு ஒன்று வாங்குவதில் அர்த்தமில்லை. நூலகத்தில் ஒன்று இருந்து, வாரத்தில் ஒரு மத்தியானம் உறுப்பினர்களுக்கு ஒதுக்கினால், இந்த ஊரின் பாதி ஆல்பங்கள் தப்பிக்கும். பெயரோடு கொடுக்க இசைபவர்களின் படங்களை நூலகமே ஒரு பிரதி வைத்துக்கொண்டால், ஊருக்கு ஒரு படத்தொகுப்பும் சேர்ந்துவிடும். இயக்கச் சொல்லித் தர நான் வருகிறேன். வாசகர் வட்டம் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் கேள்விகள்.